துண்டுச் சீட்டும் தோட்டக் கூலியும்

மலையகத் தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியாது என்பது துரைமாரின் பழைய பல்லவி. வரலாறு கூறுவதோ வேறு. தமிழகத்துக் கிராமத்தை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டபோதே வழிச்செலவு கங்காணியின் ஏட்டில் அவன் கடனாய் ஏறிற்று. உழைத்த கூலியாவது உரிய காலத்தில் வந்ததா? மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது 1889ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை தோட்டத்து அரிசியை நம்பியே சீவனம்; அதன் விலையும் கூலியிற் கழிந்தது. உண்மையில் தன் உழைப்பைத் தோட்டத்திற்குக் கடனாகக் கொடுத்தவன் அவனே. ஏட்டிலோ அவன்தான் கடனாளி! வேறு தோட்டம் செல்லக் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அதனைத் தீர்த்து அவனை ஏற்கும். அத்தொகை அங்கே அவன் பெயரில் மீண்டும் கடனாகும். 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வருவதற்கோ 1927 ஆயிற்று.