இணையச் சேவை நிறுவனங்களில் பாதுகாப்புப் பொறியாளர் பயிற்சி

இணையச் சேவை நிறுவனங்களில் பாதுகாப்புப் பொறியாளர் பயிற்சி என்பது, பிறருக்கு இணைய இணைப்பு வழங்கும் வலையமைப்பைத் தாக்குதல்களிலிருந்தும் பிழைகளிலிருந்தும் காக்கப் புதிய பொறியாளர்களை ஆயத்தம் செய்வதாகும். சேவை நிறுவனப் பொறியாளர் ஒருவர் இடும் தவறான கட்டளை பல ஊர்களின் இணைப்பை ஒருசேரத் துண்டித்துவிடக்கூடும். இப்பயிற்சியின் வரலாறு பெரும்பாலும் விபத்துகளிலிருந்து பாடம் கற்ற வரலாறே ஆகும்.

தொலைபேசிக் காலம்

இந்தியாவில் தொலைத்தொடர்புப் பயிற்சிக்கென ஜபல்பூரில் 1942-இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் 1975-இல் உயர்நிலைப் பயிற்சி மையம் அமைந்தது. தமிழ்நாட்டில் சென்னை மீனம்பாக்கத்தில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் பயிற்சி மையம் உள்ளது. தொலைபேசிக் காலத்தில் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் இணைப்பகக் கட்டடத்தையும் வடங்களையும் காப்பதே.

இணையத்தின் வருகை

1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிறுவனங்கள் பெருகியதால், அவற்றை நடத்தத் தெரிந்த பொறியாளர்களின் தேவையும் பெருகியது. 2003 ஜனவரியில் காத்மாண்டுவில் முதன்முறையாகக் கூடிய சானோக் என்னும் தெற்காசிய வலையமைப்பு இயக்குநர் குழு, அனுபவம் மிக்க பொறியாளர்கள் புதியவர்களுக்குக் கற்பிக்கும் பயிலரங்குகளை நடத்திவருகிறது.

விபத்துகள் தந்த பாடங்கள்

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் பரவிய மோரிஸ் புழு என்னும் நிரலை அடுத்து, அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவிக் குழு அமைக்கப்பட்டது. அதே நோக்கத்துடன் இந்தியாவில் செர்ட்-இன் 2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது வேறு வகை. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் யூடியூப் தளத்தைத் தன் நாட்டுக்குள் தடுக்க அமைத்த வழித்தட அறிவிப்பு வெளியே கசிந்தது. மேல்நிலை நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் உலகுக்கு அனுப்பியதால், யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் முடங்கியது. இதில் தாக்குபவர் எவருமில்லை. வாடிக்கையாளர் அறிவிக்கும் முகவரிகள் அவருக்கே உரியவையா என்று பார்த்து வடிகட்டும் பழக்கம் இல்லாததே காரணம்.

பயிற்சியின் உள்ளடக்கம்

வழித்தட அறிவிப்புகளை வடிகட்டுதல், போலி முகவரியுடன் வரும் தரவைத் தடுத்தல், பதிவேடுகளைப் படித்தல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். வழக்கமான போக்குவரத்து எப்படி இருக்கும் என்று அறிந்தவரே வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுகொள்ள முடியும். ஆகவே புதியவர்கள் முதலில் ஆய்வகத்திலும், பிறகு மூத்தவர் மேற்பார்வையிலும் பழகுகின்றனர்.

தொலைவிலுள்ள ரவுட்டரில் தடுப்பு விதி எழுதும்போது, பொறியாளர் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கருவி வெள்ளிமலையில் இருந்தால், அதைச் சரிசெய்ய ஒருவர் மலைப்பாதையில் ஏறிச் செல்ல வேண்டும். அதுவரை ஊரில் இணைப்பு இராது. இதனால், புதிய விதியைக் குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கருவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும்படி முன்னேற்பாடு செய்யும் வழக்கம் கற்பிக்கப்படுகிறது.

சட்டத் தேவைகள்

2011 மே 31 அன்று திருத்தப்பட்ட உரிம விதிகள், வலையமைப்பின் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற நிறுவனமே முழுப் பொறுப்பு என்றன. முக்கியப் பொறுப்புகளில் பயிற்சி பெற்ற இந்தியக் குடிமக்களையே அமர்த்தவும் கோரின. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. மலையாளி பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை இதன் ஒரு வட்டமாகும். பாரத்நெட் திட்டம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஒளியிழை வடத்தால் இணைக்கும் நோக்குடையது. ஓய்வூதியம், உதவித்தொகை, சான்றிதழ், நியாயவிலைக் கடை என அன்றாடத் தேவைகள் பலவும் இணையத்தைச் சார்ந்துவிட்டதால், மாற்று வழித்தடம் இல்லாத மலையூரில் இணைப்பு அறுந்தால் மக்கள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்க நேர்கிறது.

6 மணி நேர விதி பெருநிறுவனங்களுக்கும், வட்ட அளவில் ஒரு சில ஊழியர்களுடன் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஒன்றே. முன்னவற்றில் இரவும் பகலும் கண்காணிக்கத் தனிக்குழு உண்டு. சிறு நிறுவனத்தில் வடம் இணைப்பவரே பதிவேட்டையும் பார்க்க வேண்டியிருக்கும். சம்பவத்தை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் அங்கே இல்லையெனில், அறிவிக்கும் கடமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். எனவே பாதுகாப்புப் பயிற்சி மாநகரங்களுக்கு வெளியே உள்ள பொறியியல் மற்றும் பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களையும் சென்றடைவது அவசியமாகிறது.