பெங்களூரு வளர்த்த பந்துவீச்சு

இந்திய கிரிக்கெட்டுக்கு மட்டையாளர்களை மும்பை தந்ததென்றால், பந்துவீச்சாளர்களைத் தந்ததில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிநாட்டு மண்ணில் இந்தியா முதன்முதலாக வென்ற ஆட்டங்களில் அந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும்.

ஈ.ஏ.எஸ். பிரசன்னா 1962 ஜனவரியில் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடினார். மேற்கிந்தியத் தீவுகள் பயணம் முடிந்ததும் பொறியியல் படிப்பை முடிக்கப் போய்விட்டார். திரும்பிவரச் சில ஆண்டுகள் ஆயின. 1968-இல் நியூசிலாந்தில் அவரது ஆஃப் ஸ்பின் 24 விக்கெட்டுகளை வீழ்த்தியது. இந்தியா அயல்மண்ணில் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அதுதான்.

மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகரின் கதை வேறு. சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் மெலிந்துபோன வலக்கையாலேயே பந்து வீசினார். லெக் ஸ்பின்னருக்குச் சற்றும் பொருந்தாத வேகம். எந்தப் பந்து கூக்ளியாகும் என்று அவருக்கே தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது. இங்கிலாந்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் தொடர் வெற்றியும் ஒருசேரக் கிட்டின. 1977-78-இல் மெல்போர்னில் இரு இன்னிங்சிலும் 52 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியாவில் முதல் வெற்றிக்கும் வழிவகுத்தார். டெஸ்டில் அவர் எடுத்த ரன்கள் 167, விக்கெட்டுகள் 242. மட்டை அவருக்கு வெறும் அலங்காரம்!

இவ்விருவரோடு பிஷன் சிங் பேடி, சென்னையின் வெங்கட்ராகவன் சேர்ந்த நால்வர் அணி 853 விக்கெட்டுகளைக் குவித்தது. ஆனால் நால்வரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட் 1967-இல் பர்மிங்காமில் நடந்த ஒன்றே ஒன்றுதான்.

உள்ளூரிலும் இந்தப் பந்துவீச்சின் பலன் தெரிந்தது. தொடர்ந்து 15 ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பையை வைத்திருந்த மும்பையை 1973-74 அரையிறுதியில் பெங்களூரில் வைத்து மறித்தது பிரசன்னா தலைமையிலான கர்நாடகம். காவஸ்கரைப் போல்டாக்கியவரும் பிரசன்னாவே.

அடுத்த தலைமுறை சுழலை மட்டும் நம்பவில்லை. 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட்டுகளுடன் முதலிடம் பிடித்த ரோஜர் பின்னி மிதவேகப் பந்துவீச்சாளர். 1990-களில் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், அனில் கும்ப்ளே மூவரும் ஒரே மாநிலத்திலிருந்து வந்து இந்தியப் பந்துவீச்சின் முதுகெலும்பானார்கள். 1996 உலகக் கோப்பைக் காலிறுதியில் தங்கள் பெங்களூரிலேயே பாகிஸ்தானை வீழ்த்தியதில் பிரசாத்துக்கும் கும்ப்ளேவுக்கும் தலா 3 விக்கெட்டுகள்.

1999 பிப்ரவரி 7 அன்று டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்சில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் 74 ரன்னுக்கு வீழ்த்தினார். ஒன்பது விழுந்தபின், பத்தாவது தன் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதென்று எதிர்முனையில் ஸ்ரீநாத் பந்தை விலக்கி விலக்கி வீசினார். 2008-இல் ஓய்வு பெறும்போது கும்ப்ளேயின் டெஸ்ட் விக்கெட்டுகள் 619. வேறெந்த இந்தியரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.