நுழைவுத் தேர்வும் ஆங்கிலமும்: ஊவா மலைத்தோட்டங்களை முன்னிட்டு ஒரு நோக்கு

பல்கலைக்கழகம் புக விரும்பிய இலங்கைத் தமிழ் மாணவன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கிலத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அவ்வாயிலின் வரலாறு பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நின்று எழுதப்பட்டதாகும். பதுளைக்கு அணித்தாய், நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளி போன்ற தேயிலைத் தோட்டமொன்றில் நின்று நோக்குவார்க்கு அவ்வரலாறு வேறொரு தோற்றங் காட்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய அக்கலாசாலை அளித்த ஆங்கிலப் பயிற்சியே அவர்களைக் கடல் கடந்து கொண்டு சென்றது. 1880ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் தேர்வுகள் இலங்கைக்கு வந்தன; இலண்டன் மற்றிக்குலேசன் அவற்றைத் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942ஆம் ஆண்டில் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது நுழைவுத் தேர்வு நம் நாட்டினதாயிற்று. அதன் மொழி மாறவில்லை.

அத்தேர்வுகளுக்கு ஆயத்தஞ் செய்தல் எளிதான செயலன்று. நெடிய பந்தியொன்றை மூன்றிலொரு பங்காகச் சுருக்குதல், செய்யுளை உரைநடையில் விரித்தெழுதுதல், வாக்கியத்தை உறுப்புறுப்பாகப் பகுத்துக் காட்டல், கட்டுரை வரைதல் என்பன கேட்கப்பட்டன. நெஸ்பீல்டின் இலக்கண நூலை மனனஞ் செய்து பகுத்துக் காட்டலில் வென்றவர் பலர். ஆனால் சுருக்கி எழுதுதலில் மனனம் கைகொடாது. எது தலையாய கருத்து, எது அதற்குத் துணை நிற்பது என்று அறிந்தாலன்றி ஒரு பந்தியைச் சுருக்க இயலாது. அவ்வறிவோ பல்லாண்டு வாசிப்பினால் வருவது. ஆகவே நுழைவுத் தேர்வுக்கான ஆயத்தம் இறுதி வகுப்பில் தொடங்குவதன்று. மூன்றாம் நான்காம் வகுப்பில் முதல் ஆங்கில வாசகத்தைக் கையிலெடுத்த நாளே அது தொடங்கிவிடுகின்றது. வசதியுள்ள பாடசாலைகளின் வெற்றிக்கு மாணவரின் கூர்மதியைக் காரணங் கூறுவோர் இந்நீண்ட முன்னாயத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

தோட்டங்களில் ஆங்கிலம் இல்லாமலில்லை. உண்மையில் தோட்ட நிருவாகம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளியின் நாட்பேர் செக்றோலில் ஆங்கிலத்தில் ஏறிற்று. சம்பளம், கடன், அரிசிக் கணக்கு யாவும் அங்ஙனமே. ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போவதற்குத் துரை கையொப்பமிட்ட ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்படும்வரை குடும்பங்களின் போக்குவரவு அச்சிறு கடதாசியில் தங்கியிருந்தது. கந்தோரில் இக்கணக்குகளை எழுதிய கிளாக்கர்மாரிற் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆங்கிலங் கற்று வந்தவர்கள். கேம்பிறிட்ஜ் தேர்வில் வென்ற இளைஞனை மலைநாட்டுக் கந்தோருக்குக் கொணர்ந்த அதே ஆங்கிலம், அக்கந்தோரின் கீழிருந்த லயத்துப் பிள்ளைக்கு எழுத்தளவிற்கூட எட்டவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்விப் பெருமையைப் பேசுவோர் இதனையுஞ் சேர்த்துப் பேசுதல் தகும்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. சட்டம் நோக்கியது ஆறு வயது முதற் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளையே. ஒரே ஆசிரியர், ஒரே அறை, தாய்மொழியில் எழுத்தும் எண்ணும்: பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் நிலை இது. பத்து வயதுக்குமேற் பிள்ளை கொழுந்துக் கூடைக்கோ களைபிடுங்கும் வேலைக்கோ உரியதெனக் கருதப்பட்டது. 1924ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தபின் தேயிலைப் பெட்டிகள் கொழும்பு சேர்வது எளிதாயிற்று. லயத்துப் பிள்ளை பதுளை நகரத்துப் பாடசாலையைச் சேர்வது அத்துணை எளிதாகவில்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. தொடக்க வகுப்புகளிற் போதனாமொழி தாய்மொழியாயிற்று. அது படிப்படியாக மேல்வகுப்புகளுக்குப் பரவி, 1960ஆம் ஆண்டிற் பேராதனையின் கலைப்பீடத்தையும் எட்டியது. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும் இம்மாற்றத்தைத் தாங்கி நின்றன. ஆங்கில வாயில் திறந்துவிட்டதென்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் ஆங்கிலம் அகன்றுவிடவில்லை. வாயிலினின்றும் உள்ளறைக்குப் பெயர்ந்தது. தமிழில் விரிவுரை கேட்ட மாணவன் நூலகத்தில் ஆங்கில நூல்களுக்கு நடுவே நின்றான். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தை விட்டு அசையவே இல்லை.

இவ்வெல்லா மாற்றங்களும் நிகழ்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழேயே கிடந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியதால் அரசாங்க ஆசிரியப் பதவியும் அவர்தம் மக்களுக்குத் தொலைவாயிற்று. தோட்டங்கள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான பின்னரே, 1977ஆம் ஆண்டு முதல், அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பேராதனையிற் கலைப்பீடம் தமிழுக்குத் திறந்து பதினேழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1980களிற் சுவீடன் நாட்டுதவியாற் கட்டடங்களும் ஆசிரியப் பயிற்சியும் கிடைத்தன. பின்னர் ஜெர்மனியின் துணையுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது.

1974ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. அது யாழ்ப்பாண மாணவர்க்கு விளைத்த இடர் பலராலும் எழுதப்பட்டமையின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிற் பதுளையும் இடம் பெற்றுள்ளது. எனினும் மாவட்டம் என்பது ஒரு தன்மைத்தன்று. பதுளை நகரத்துப் பாடசாலை மாணவனும் ஸ்பிரிங்வெளி லயத்து மாணவனும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் நின்று போட்டியிடுகின்றனர். விஞ்ஞான, கணித ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையின் குறையை மாவட்டக் கணக்குக் காட்டாது.

இக்காலக் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரத் தேர்வில் ‘பொது ஆங்கிலம்’ என்றொரு வினாத்தாள் உண்டு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் அதன் பெறுபேறு சேர்வதில்லை. சேராத பாடத்துக்கு நேரஞ் செலவிடாமை மாணவரியல்பு. ஆசிரியரும் பல இடங்களில் அதனைத் தடுப்பதில்லை. நகரத்து மாணவன் இக்குறையைத் தனியார் வகுப்பிலும் வீட்டிலும் ஈடுசெய்து கொள்கின்றான். தோட்டத்து மாணவனுக்கு அத்தாளே ஆங்கிலப் பயிற்சிக்கு எஞ்சியிருந்த வாய்ப்பு.

2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் பதுளையிலேயே நிறுவப்பெற்றது. மலைச்சாரலினின்றும் இறங்கினால் எட்டும் தொலைவிற் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அதன் போதனாமொழி ஆங்கிலம்.