ஒரு ரப்பர் பலூனின் கதை

ஒரு மாதமாக ஏன் பதிவு இல்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். புராஸ்டேட் ஆபரேஷன். இரண்டு வருடம் வெட்கப்பட்டு மறைத்ததுதான் தப்பு.

கண் விழித்தபோது டியூப் மாட்டியிருந்தார்கள். மேலே சலைன் பைகள். கீழே பையில் ரோஸ் நிறத்தில் வடிந்தது. சிறுநீர் முட்டுவது போலவே இருக்க, முக்கினேன். சிஸ்டர் ஓடிவந்து, "முக்காதீங்க ஐயா, உள்ளே டியூப் நுனியில பலூன் இருக்கு, அதனாலதான் அப்படித் தோணுது" என்றார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? படுத்தபடியே அந்தப் பலூனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1900 டிசம்பரில் லண்டனில் பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர், நம் நாட்டில் இந்திய மருத்துவப் பணியில் இருந்து திரும்பியவர், அடிவயிற்றைத் திறந்து விரலாலேயே சுரப்பியைப் பிரித்தெடுத்தார். பிறகு வயிற்று வழியாகவே ரப்பர் குழாய். காயம் மூடும்வரை சிறுநீர் கசியும். நனைந்த கட்டை மாற்றி மாற்றி நோயாளியைக் காத்தவர்கள் நர்ஸுகள்தான். புத்தகங்களில் அவர்கள் பெயர் இல்லை.

பிறகு சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் செய்யும் முறை வந்தது. ரத்தக்கசிவுதான் தொல்லை. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி பலூனைக் கொண்டுவந்தது, அந்த இடத்தை அழுத்தி ரத்தத்தை நிறுத்தத்தான். 1936இல் காப்புரிமை பால் ரெய்ச் என்பவருக்குப் போனது. பெயர் மட்டும் ஃபோலிக்கு நிலைத்தது.

என் அப்பாவுக்கு 1978இல் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சிவப்பைப் பார்த்துப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம். ரத்தக்கட்டி அடைத்து, நள்ளிரவில் மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அப்படி ஆகவில்லை. காரணம் அந்த சிஸ்டர். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் நிறைய. மலம் போக முக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கட்டிகட்டியாக ரத்தமோ அடைப்போ காய்ச்சலோ வந்தால் உடனே வரவேண்டும். சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். இரண்டை விட்டுவிட்டேன். மறுபடி ஒப்பிக்க வைத்தார்! பன்னிரண்டாம் நாள் திடீரென்று சிவந்தபோது என் மனைவி அழுதேவிட்டாள். புண்ணின் பொருக்கு உதிரும்போது இப்படி ஆகலாம் என்று சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வர, தண்ணீர் குடித்தேன். மாலைக்குள் தெளிந்தது.

டியூப் எடுத்தபின் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதற்குக் கற்றுத்தந்த இறுக்கும் பயிற்சி, 1948இல் ஆர்னால்ட் கெகல் பிரசவித்த பெண்களுக்காக எழுதியதாம். தினமும் செய்கிறேன். இருமினால் மட்டும் இன்னும் இரண்டு சொட்டு.

மாணவர் சந்திப்புக்குக் கட்டாயம் வருவேன். கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.