இசைத்தட்டை வாங்கியவர் யார்? தமிழ்நாட்டு ரெக்கார்டுக் கடையின் மறைவு பற்றி ஒரு மறுவாசிப்பு

எச்.எம்.வி. நிறுவனம் இந்தியாவில் வெளியிட்ட இசைத்தட்டுகளின் நடுச்சீட்டில், வட்ட விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் ஓர் ஆங்கில எச்சரிக்கை ஓடும். அனுமதியின்றிப் பொது இடத்தில் ஒலிக்க விடுவதும், ஒலிபரப்புவதும், படியெடுப்பதும் கூடாது என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அந்தத் தட்டுகள் பெரும்பாலும் எந்தக் காரியங்களுக்காக விலைபோயினவோ, அவற்றைத்தான் அந்த விளிம்பு வாசகம் விலக்கி வைத்தது. இந்த முரணைக் கணக்கில் எடுக்காமல் இங்கே ரெக்கார்டுக் கடை எப்படி மறைந்தது என்பதைச் சொல்ல முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இசைத்தட்டுக் கடைகளின் முடிவைப் பற்றி எழுதப்படுவனவற்றில் ஒரு வார்ப்பு நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் மூடப்பட்டது. கொல்கத்தா பார்க் தெருவின் மியூசிக் வேர்ல்டு 2013-இலும், மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-இலும் கதவடைத்தன. ஒவ்வொரு முறையும் வந்த இரங்கல் எழுத்துகளின் நாயகர் ஒருவரே: உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரரிடம் பேசி, ஒரு தட்டைத் தேர்ந்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியே கேட்கும் ரசிகர். சென்னையைப் பற்றி எழுதுவோரும் இதே சட்டையைத்தான் மாட்டுகிறார்கள். அது பொருந்தும் உடல்கள் இங்கே சில உண்டு. மயிலாப்பூரிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் கர்நாடக இசைத்தட்டுகளைச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தபோது, அது வீட்டுப் பூசையறைக்கென்றே செய்யப்பட்ட பொருளாகக் குடும்பங்களுக்குள் சென்றது. நினைவுக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதால், அவர்களுடைய கூடம் தமிழ்நாட்டின் கூடமாகிவிட்டது. ஓர் ஊரில் எத்தனை வீட்டில் கிராமபோன் இருந்தது என்று கேட்டாலே இந்தப் படம் தள்ளாடும். மின்சாரமே பல சிற்றூர்களுக்கு 1960-களில்தான் வந்து சேர்ந்தது. பேட்டரியிலும் ஓடக்கூடிய எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிகள் வந்த பிறகும், தட்டு வாங்குவது சம்பளக்காரர்களின் செலவாகவே இருந்தது.

அப்படியானால் கடை எப்படிப் பிழைத்தது? தொடக்கக் காலத்துக்கு ஸ்டீபன் ஹியூஸின் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. நாடக மேடையின் பாட்டைத் தட்டில் ஏற்றி விற்ற வணிகமும், அதிலிருந்து எழுந்த தமிழ்ப் பேசும்படமும் ஒரே கயிற்றின் புரிகள் என்று அவர் காட்டியிருக்கிறார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மேடைக்கு வெளியே ஊர் ஊராகப் போனது தட்டின் வழியாகத்தான். காரைக்குடியிலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளின் விநியோக உரிமையைப் பெற்றது. அந்தக் கடை விற்பனையோடு நிற்காமல் பாடகர்களைத் தேடி ஒப்பந்தம் செய்தது, தட்டுகளைத் தயாரித்தது. 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’ மூலம் செட்டியார் படத்தயாரிப்புக்குள் நுழைந்தார். கடைக்காரர் படமுதலாளியாக முடிந்ததற்கு, எந்தப் பாட்டு எந்த ஊரில் போகும் என்ற அறிவு அவரிடம் திரண்டிருந்தது முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். இந்த அறிவைத்தான் பின்னால் ‘கடை’ என்று சொல்லப்போகிறேன். கல்லாவும் அலமாரியும் அதன் புறத்தோற்றம்.

1950-களிலிருந்து இந்தக் கடைகளின் நிலையான வாடிக்கையாளர் மைக் செட்காரர். ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய இவர்களை ஆய்வாளர்கள் ஏறக்குறைய கவனித்ததே இல்லை. திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் தென்னை மரத்திலோ கம்பத்திலோ குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்கள் இவர்கள். நிகழ்ச்சிக்கேற்ப வரிசை உண்டு. விடியலில் நாதஸ்வரமும் பக்திப் பாட்டும். முகூர்த்தம் நெருங்க ‘பாசமலர்’ (1961) படத்தின் தோழியை அழைக்கும் பாட்டு. பெண் புகுந்த வீட்டுக்கு வரும்போது ‘சாரதா’ (1962) படத்துக்காகப் பஞ்சு அருணாசலம் எழுதிய பாட்டு. கட்சிக்காரர் வீட்டு விழாவென்றால் நாகூர் ஹனிபாவின் குரல் இடையில் வந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தன்னிடம் இல்லையென்றால் அந்த மைக் செட்டுக்கு அடுத்த முகூர்த்தத்தில் அழைப்பு வராது. டூரிங் டாக்கீஸில் கொட்டகையின் உச்சியிலிருந்து ஒலித்த சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுக்கும் இதே கட்டாயம் இருந்தது. பாட்டைக் கேட்டுத்தான் ஊர் டிக்கெட் வாங்கக் கிளம்பியது.

இதன் பொருளியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வீட்டு ரசிகர் ஒரு தட்டை ஒருமுறை வாங்குவார், பொத்திப் பொத்தி வைப்பார். மைக் செட்காரரின் தட்டோ கனமான முள்ளின் கீழ் தூசியிலும் வெயிலிலும் நூற்றுக்கணக்கான முறை சுழலும். தடம் தேயும், கீறும், ஒரே வரியில் சிக்கிக்கொள்ளும். 78 வேகத் தட்டாக இருந்தால் கைதவறி விழுந்து உடைந்தும் போகும். ஆகவே ஒரே பாட்டை அவர் மீண்டும் மீண்டும் வாங்கினார். படம் ஓடி முடிந்து பல்லாண்டுகள் ஆன பாட்டுக்கும் கடையில் கேட்பு இருந்தது இதனால்தான். திரைப்பட வசனங்கள் தனித் தட்டுகளாக வந்ததையும் இந்த ஒளியில்தான் புரிந்துகொள்ள முடியும். ‘திருவிளையாடல்’ (1965) வசனத் தட்டைத் தனியறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்திருக்கலாம். ஊரே கேட்டது குழாயில். ‘ரெக்கார்டு டான்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு கலைநிகழ்ச்சி திருவிழாக்களில் நிலைபெற்றதும் தட்டு இங்கே கூட்டத்தின் பொருளாக இருந்ததற்குச் சான்று. தட்டின் உரிமையாளர் ஒருவர், அதைக் கேட்டவர் ஆயிரம் பேர்.

ஒலிபரப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில், 1952 முதல், அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியது. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி தமிழ்நாட்டின் காதுகளைப் பிடித்தது. 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் விடவில்லை. கொழும்பில் சுழன்ற தட்டே இங்குள்ள கடைகளுக்கு விளம்பரமாகவும் ஆயிற்று.

அடுத்து வந்த மாற்றத்தில்தான் வழக்கமான கதை தடம் புரள்கிறது. பீட்டர் மானுவல் தம் ‘கேசட் கல்ச்சர்’ (1993) நூலில் காட்டியபடி, 1980-களின் நடுப்பகுதிக்குள் இந்திய இசைச் சந்தையில் சுமார் 95 விழுக்காடு கேசட்டுக்குப் போய்விட்டது. ஒற்றை நிறுவனத்தின் பிடி தளர்ந்தது, வட்டார இசை பெருகியது என்பது அவர் முடிவு. வட இந்தியாவை வைத்து எழுதப்பட்ட அந்த முடிவு இங்கும் பாதிக்கு மேல் செல்லும். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றோரின் நாட்டுப்புறப் பாட்டு வீடுகளுக்குள் வந்தது கேசட்டில்தான். ஆனால் கேசட் தட்டைக் கொன்றது, தட்டோடு கடையும் செத்தது என்று அவரைப் படித்தவர்கள் சுருக்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டில் கேசட்டின் முதல் பத்தாண்டில் தட்டுக்கு இதுவரை இல்லாத மதிப்பு வந்தது. காரணம், ரெக்கார்டிங் சென்டர்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த டூ இன் ஒன் பெட்டி ஊருக்குள் நுழைந்ததும், அதில் போட்டுக் கேட்கப் பாட்டு தேவைப்பட்டது. நிறுவனங்கள் விற்ற கேசட்டில் ஒன்றோ இரண்டோ படம். பாதிப் பாட்டு வேண்டாதவை. ரெக்கார்டிங் சென்டரிலோ வாடிக்கையாளர் ஒரு துண்டுச்சீட்டில் தமக்கு வேண்டிய பாடல்களை எழுதிக் கொடுப்பார், அறுபது நிமிட நாடாவில் அவை அதே வரிசையில் ஏறும். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தொழிலுக்கு முதலீடு தட்டுகள்தான். எவரிடம் பழைய தட்டு அதிகமோ அவரிடம் கூட்டம் அதிகம். எனவே கடைக்காரர்கள் மூர் மார்க்கெட்டில் தேடினார்கள். தொழிலை விட்ட மைக் செட்காரர்களிடம் மொத்தமாக வாங்கினார்கள். விற்பனைச் சரக்காக இருந்த தட்டு மூலப்படியாக உயர்ந்தது. கடையின் அறிவும் கூர்மையானது: பாட்டின் முதல் சொல்லைச் சொன்னாலே படம், பாடியவர், இசையமைப்பாளர், எந்த அலமாரி, எத்தனை நிமிடம் என்று சொல்லத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நின்றார். நாடாவின் ஒரு பக்கத்தில் மிஞ்சிய இரண்டரை நிமிடத்தில் எந்தப் பாட்டு அடங்கும் என்பது சாதாரணக் கணக்கு அல்ல.

சட்டப்படி இது களவு. 1984-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. கேசட்டின் மீது உரிமையாளர் விவரம் அச்சிடப்பட வேண்டும் என்றது. பாடலாசிரியருக்கும் இசைக்கலைஞருக்கும் சேர வேண்டியது சேரவில்லை என்பதை மறுத்து ரெக்கார்டிங் சென்டரைத் தியாகச் சின்னமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நிறுவனங்கள் மறுபதிப்பே செய்யாமல் கைவிட்ட 1940-களின், 50-களின் பாடல்கள் அடுத்த தலைமுறையின் காதை எட்டியதில் இந்தச் சட்டமீறலுக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய பொதுக்கேட்பும் உடனே அற்றுப்போகவில்லை. ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடை தோறும் ஒலித்தது கேசட்டில். ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு செய்த வேலையையே அது செய்தது.

இழப்பு ஒன்று இந்தக் கட்டத்திலேயே நடந்தது, அதை யாரும் இழப்பாக உணரவில்லை. தட்டின் நடுச்சீட்டில் படம், பாடலாசிரியர், பாடியவர், இசையமைப்பாளர், தட்டின் எண் எல்லாம் இருக்கும். ரெக்கார்டிங் சென்டரின் கேசட் அட்டையில் பாட்டின் முதல் வரி மட்டும்தான். தகவல் தட்டிலிருந்து கழன்று கடைக்காரரின் தலைக்குள் போயிற்று. கேட்பவர் பாட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றார், அதன் பிறப்புச் சான்றிதழைக் கடையிலேயே விட்டுச் சென்றார். பின்னர் எம்.பி.3 குறுந்தகடு வந்தது. அதற்கும் பிறகு செல்பேசிக் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் தொழில் வந்தது. ‘இளையராஜா சோகம்’, ‘எழுபதுகள் டூயட்’ என்று கோப்புறைகளைப் பிரித்து வைத்திருந்த அந்த இளைஞர்களைச் சரஸ்வதி ஸ்டோர்ஸின் வாரிசு வரிசையில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவு மலிந்த பிறகுதான், பாட்டுக்காக ஒருவர் இன்னொருவரிடம் போக வேண்டிய தேவை அற்றது. தமிழ்நாட்டில் ரெக்கார்டுக் கடை மூடிய காலம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால், தட்டு அச்சிடுவது நின்ற 1990-களின் தொடக்கத்தை அல்ல, இதையே குறிப்பேன். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுத்த 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குழாய் ஸ்பீக்கரின் பக்கத்திலிருந்து அதற்கு வழிவிட்டிருந்தன.

இன்று பேசப்படும் வினைல் மறுமலர்ச்சி இந்த வரலாற்றின் தொடர்ச்சி அல்ல. ரெக்கார்டு ஸ்டோர் டே 2008-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2022-இல் அங்கே விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளை முந்தியது. அந்த அலையின் நீட்சியாகச் சென்னையிலும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து எல்.பி. வாங்குவோர் இருக்கிறார்கள். இரங்கல் கட்டுரைகள் கற்பனை செய்த தனிரசிகர் இங்கே பெருமளவில் தோன்றுவது இப்போதுதான். எச்.எம்.வி.யின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017-இல் இறக்கிய ‘காரவான்’ பெட்டி, ஐயாயிரம் பாடல்களை முன்கூட்டியே ஏற்றி விற்றது. ரெக்கார்டிங் சென்டர் வாடிக்கையாளரை அந்நிறுவனம் காலம் கடந்தேனும் அடையாளம் கண்டுகொண்டதன் விளைவு அது, துண்டுச்சீட்டு மட்டும் இல்லாமல்.

ஆவணக் காப்பு குறித்து இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. 1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்றவை 78 வேகத் தட்டுகளைத் தேடிக் காத்தது பெரும்பணி. அந்தப் பணி தட்டையும் பாடகரையும் மையமாகக் கொண்டது. கேட்டவர்களின் வரலாறு வேறிடத்தில் கிடக்கிறது: மைக் செட்காரர்களின் கீறல் விழுந்த தட்டுப்பெட்டிகளில், ரெக்கார்டிங் சென்டர்களின் பாட்டுப் பட்டியல் நோட்டுகளில், கேசட் உறைக்குள் மடித்துச் செருகிய துண்டுச்சீட்டுகளில். சேகரிப்பாளர் சந்தையில் கீறிய தட்டுக்கு விலை இல்லை, நோட்டு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகிறது. எந்தத் தட்டு எந்த இடத்தில் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பதிவுசெய்யும் நூலகப் பட்டியல் முறை ஒன்றை வகுப்பது கடினமல்ல. மாவட்டத்துக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டரின் நோட்டுகளையாவது, நடத்தியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டவணைப்படுத்தலாம்.