ஓசூர்: ஆலை வாயிலுக்கு உள்ளும் வெளியும்

ஓசூரில் தொழிற்சங்கம் ஆலைகளுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. சென்னையில் அப்படி இல்லை. பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டபோது பக்கிங்காம் ஆலைக்கு நாற்பது வயது கடந்திருந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923இல் மே தினக் கொடி ஏற்றிய காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டத்தின் மேட்டு நிலத் தாலுகா. கேழ்வரகும் கொள்ளும் விளையும் வானம் பார்த்த பூமி. 1965இல் அது தருமபுரி மாவட்டத்தோடு போனது, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்தது.

1971இல் உருவான மாநில அரசின் சிப்காட் நிறுவனம் தன் தொழிற்பேட்டைகளுக்கு இடம் தேடியபோது ஓசூரைத் தேர்ந்ததற்குப் பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருந்தது முக்கியக் காரணம். பின்தங்கிய பகுதி என்பதால் கிடைத்த மானியம் தமிழகத்துடையது. பொறியாளர்கள் குடியிருக்க விரும்பிய நகரம் கர்நாடகத்துடையது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் 1980இல் வந்தன. டாட்டாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகார ஆலை அந்தப் பத்தாண்டின் நடுவில் எழுந்தது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகளை டைட்டன் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. அவர்களில் பலர் வீட்டுக்கு முதல் மாதச் சம்பளக்காரர்கள். சென்னையை அடுத்த எண்ணூரில் தகப்பன் சங்கத்தில் இருந்ததைப் பார்த்து வளர்ந்த மகன் உண்டு. ஓசூரில் அந்த மரபு இல்லை.

சங்கம் எப்படி நடக்கும் என்பதை ஓசூர் எல்லைக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டது. 1980 டிசம்பரில் தொடங்கி, பெங்களூருவின் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., பி.இ.எல்., எச்.எம்.டி. போன்ற பொதுத்துறை ஆலைகளின் தொழிலாளர்கள் சம்பளச் சமநிலை கேட்டு 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஆலைகள் சேர்ந்து ஒரே கோரிக்கைக்காக நின்ற போராட்டம் அது. ஓசூரில் வேரூன்றியதோ வேறு வடிவம்: ஆலைக்கு ஒரு சங்கம். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கோரிக்கைப் பட்டியல் கொடுத்து, நேரடியாகப் பேசி முடிந்தால் 18(1) ஒப்பந்தம், தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசத்தில் முடிந்தால் 12(3) ஒப்பந்தம். அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் இந்தப் பிரிவு எண்கள் கேட் மீட்டிங்குகளில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டன. எல்லாம் சுமுகமாகவும் முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். சுசுகி ஆலை தொழில் தகராறில் சுமார் மூன்று மாதம் கதவடைக்கப்பட்டது.

இந்தத் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் இடம் மாநாடு. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., எச்.எம்.எஸ்., ஐ.என்.டி.யு.சி. என எந்த மத்திய சங்கமானாலும் நடைமுறையில் பெரிய வேறுபாடில்லை: கொடியேற்றம், மறைந்தவர்களுக்கு அஞ்சலி, வேலை அறிக்கை, வரவு செலவு, பிரதிநிதிகள் விவாதம், தீர்மானங்கள், நிர்வாகிகள் தேர்வு, மாலையில் பேரணியும் பொதுக்கூட்டமும். வெளியே தெரிவது பேரணிதான். ஆனால் பயன் அதிகம் விவாதத்தில். ஓர் ஆலையில் கிடைத்த ஒப்பந்தத்தின் விவரம் அடுத்த ஆலையின் பேச்சுவார்த்தைக்கு அளவுகோலாவது இங்கேதான். சி.ஐ.டி.யு.வின் அகில இந்திய மாநாடு 2020 ஜனவரியில் சென்னையிலும், அடுத்தது 2023 ஜனவரியில் பெங்களூருவிலும் கூடியது. ஓசூர் நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் என்றே சொல்லலாம்.

மாநாட்டுத் தீர்மானங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை ஓயாமல் வருவதற்கு ஒரு பழைய சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981இல் சட்டம் இயற்றியது. தொழிலாளிக்குச் சாதகமான சட்டம்தான். ஆனால் 480ஐ எட்டவிடாமல் இருப்பதே சில நிர்வாகங்களின் கணக்காகிவிட்டது. டிரெயினி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பெயர்கள் பெருகின. 2013இல் வந்த நீம் (NEEM) என்ற வேலைப் பயிற்சித் திட்டம் பயிற்சியாளர் என்ற பெயரை இன்னும் விரித்தது. ஒரே அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரில் ஒருவருக்குச் சங்கமும் ஒப்பந்தமும் உண்டு, மற்றவருக்கு இல்லை. நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் இதற்கு எதிராகத் தீர்மானம் போட்ட அளவுக்குத் தங்கள் விதிகளைத் திறந்து இவர்களைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

பாதுகாப்பிலும் இதே கோடுதான். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. உடனடி ஆபத்து என்று தொழிலாளி கருதினால் அதைச் சொல்லும் உரிமையும் அதில் இருந்தது. மூன்று மாதத்தில் வேலை போய்விடலாம் என்ற நிலையில் உள்ளவர் பவர் பிரஸ்ஸில் கைத்தடுப்பு வேலை செய்யவில்லை என்று புகார் சொல்வது அபூர்வம். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிட்கோ சிறுதொழில் பேட்டைப் பட்டறைகளில் அந்தக் குழுவும் இராது.

ஆலை வாயிலுக்கு வெளியே நடந்தவை இன்னும் கடுமையானவை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று மாநில எல்லையான ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தீபாவளிப் பருவ வேலைக்காகத் தமிழகத்திலிருந்து போன மாணவர்கள். விபத்து கர்நாடகத்தில், குடும்பங்கள் தமிழகத்தில். நிவாரணத்தை இரு அரசுகளும் தனித்தனியே அறிவித்தன. இரண்டு கிடங்குகளிலும் கேட் மீட்டிங் நடத்த ஒரு சங்கம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

சங்கமே இல்லாமல் நடந்த பெரிய போராட்டமும் பெங்களூரு–ஓசூர் சாலையில்தான். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் விதியை எதிர்த்து, 2016 ஏப்ரல் 18 அன்று பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் யாரும் அழைக்காமலேயே ஓசூர் சாலையை மறித்தார்கள். மறுநாளே விதி திரும்பப் பெறப்பட்டது.

சங்கங்கள் வலுவாக எதிர்த்து வென்றது 2023இல். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அதற்குள் மாவட்டத்தின் தொழிலாளர் முகமே மாறியிருந்தது: போச்சம்பள்ளியில் பெண்களைக் கொண்டே ஸ்கூட்டர் செய்யும் ஓலா ஆலை, ஓசூரை அடுத்த கூத்தனப்பள்ளி டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்காக விடுதிகளில் தங்கி ஐபோன் பாகம் செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். அந்த ஆலையில் 2024 செப்டம்பர் 28 அன்று பெருந்தீ பரவியது; உயிரிழப்பு இல்லை, உற்பத்தி நின்றது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. மின்விசை பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை எனப்பட முன்பு 10 தொழிலாளர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கான வரம்பு 20இலிருந்து 50 ஆனது. நிலையாணைகள் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே கட்டாயம். சிட்கோ பட்டறைகளில் 15 பேரை வைத்து நடக்கும் ஒன்றுக்கு, அந்தக் கணக்கின்படி, தொழிற்சாலை என்ற பெயரே பொருந்தாது.