வெள்ளாமைக் காவலும் வேட்டைச் சட்டமும்: போடி மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளை முன்வைத்து

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றியைப் பற்றிய விவாதம் எல்லாம் சுடலாமா, கூடாதா என்ற கேள்வியில் வந்து முட்டி நிற்கிறது. அந்தக் கேள்வியே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். பன்றிக்கூட்டம் நிலக்கடலையைக் கிளறுவதும் மக்காச்சோளத்தைச் சாய்ப்பதும் பட்டா நிலத்தில். அங்கே உழவர் செய்யும் தடுப்பையும் காட்டுக்குள் புகுந்து விலங்கைக் கொல்வதையும் சட்டம் ‘வேட்டை’ என்ற ஒரே கோலால் அளக்கிறது. ‘காவல்’ என்பதைத் தனி வகையாக ஏற்காதவரை, வேட்டைக்குத் தரும் எந்த விலக்கும் வெள்ளாமையைக் காக்காது.

இவ்விரண்டையும் தமிழ் மரபு பிரித்தே பார்த்தது. சங்க இலக்கியக் குறிஞ்சியில் வேட்டுவனின் வில்தொழில் ஒருபுறம் இருக்க, பரணும் கவணும், கிளியோட்டும் கருவிகளான தட்டையும் குளிரும் கொண்ட தினைப்புனக் காவல் தனித் தொழிலாக நிற்கிறது. தமிழகத்தில் கிடைக்கும் பன்றிகுத்தி நடுகற்கள் அனைத்தையும் பயிர்க்காவலுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பன்றியை எதிர்த்து மாண்டவனை ஊர் கல்நட்டு வணங்கியதை அவை காட்டுகின்றன. பின்வந்த சட்டங்களோ வேட்டைக்காரனையே நடுவில் வைத்தன. நீலகிரிக்கான 1879ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளைக்காரர்களின் வேட்டை விளையாட்டு அற்றுப்போகாதிருக்க விலங்கைக் காத்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் வழங்கியது; 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கு முடிவு கட்டியது. இன்றும் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. பயிரைக் காக்க வேண்டுமானால் அதிகாரியின் எழுத்து ஆணை வேண்டும். ஆணை வருவதற்குள் கடலை வயல் உழுதுபோட்டதுபோல் ஆகியிருக்கும்.

ஒப்பீடு இங்கே துணைசெய்யும். நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கும் அமெரிக்கப் புல்வெளி மாநிலமான கான்சாஸில், மான் பொதுச்சொத்து. நிலத்துக்குள் யாரை விடுவது என்பது நிலக்காரரின் உரிமை. சிறு துண்டு நிலங்களும் இரவெல்லாம் ஆள் நடமாட்டமும் உள்ள நம் புஞ்சைகளுக்கு அந்த வேட்டை முறை ஒவ்வாது. நிலக்காரருக்கு ஒரு குரல் உண்டு என்ற கொள்கை மட்டும் கொள்ளத்தக்கது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே, ஊறுசெய்யும் பன்றியைச் சுட உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரருக்கு ஆணையிடலாம். தமிழ்நாடு 2025இல் தூரத்தை அளவுகோலாக்கியது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். அடிவாரத்தில் சேதம் மிகுவது பெரும்பாலும் காட்டை ஒட்டிய நிலத்தில். விலக்கு கிடைப்பதோ தள்ளியிருக்கும் நிலத்துக்கு.

காவலைத் தனி வகையாக ஏற்பதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் இரை என்பது. 2021இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் இது சிறிய கவலையன்று. ஆனால் காவல் என்பது விளைச்சல் நிற்கும் நிலத்தோடு முடிவது. காட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. இரண்டாவது, இளக்கம் கறி வியாபாரத்துக்கு வழிவிடும் என்பது. உண்மைதான், அதனால் கொன்ற உடலை வனத்துறை முன்னிலையில் புதைப்பது நிபந்தனையாக வேண்டும். இன்றைய தடையும் சாவைத் தடுக்கவில்லை. திருட்டு மின்வேலிக்கும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடிக்கும் உழவரைத் தள்ளுகிறது. அவை பன்றி, யானை, மனிதர் என்று ஆள் பார்ப்பதில்லை. மூன்றாவது, ஒரே ஈற்றில் பல குட்டி போடும் பன்றியைச் சுட்டு ஒழிக்க முடியாது என்பது. இம்மறுப்பு என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. தொகையைக் குறைப்பது காவலின் நோக்கமன்று. கதிர் முற்றும் சில வாரங்களைக் கடத்திவிடுவதே அதன் நோக்கம்.

ஆகவே அளவுகோல் கிலோமீட்டராக அன்றி, பயிரும் பருவமுமாக இருக்க வேண்டும். ஊராட்சியும் வனக்காவலரும் சேர்ந்து சேதத்தை நேரில் பார்த்து, விரட்டலும் வேலியும் பயனற்றுப்போன இடத்தில், குறித்த நாள்களுக்கு மட்டும் ஆணை தரலாம். அதே பார்வைக் குறிப்பு இழப்பீட்டுக்கும் ஆதாரமாகலாம். அறுப்பு முடிந்ததும் ஆணையும் காலாவதியாகும். பரணில் இருந்தவர்களும் தினை கொய்ததும் இறங்கித்தான் போனார்கள்.